எந்தப் பட்டம்? யாருக்காக?

அமெரிக்காவில் தொழிலாளி எந்த வயதிலும் கல்லூரியில் சேரலாம், பிடித்த பட்டத்தைத் தானே பொறுக்கிக்கொள்ளலாம் என்று நம்மூர்ப் புகழ்பாடிகள் முழங்குகிறார்கள்!

சேரலாம், உண்மைதான். 1901-ல் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட்டில் பிறந்த இரண்டாண்டுக் கல்லூரி இன்றும் நடக்கிறது. அந்த வகைக் கல்லூரிகள் நாடெங்கும் உண்டு. பகலெல்லாம் மூட்டை தூக்கியவன் இரவில் அங்கே படிக்கிறான்.

ஆனால் அங்கே பட்டம் இரண்டு வகை. ஒன்றை முடித்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர வழியுண்டு. மற்றது வெல்டிங், இயந்திரப் பழுது போன்ற தொழிற்பட்டம். அதில் தேறிய பாடங்கள் பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. பாதியில் விட்டதை நாற்பது வயதில் முடிக்க வருகிறவனிடம், "உடனே வேலை, இதை முடி" என்று இரண்டாவதைக் காட்டுகிறார்கள். அதன் பாடத்திட்டத்துக்கு யோசனை சொல்லும் குழுவில் யார்? வட்டாரத்து முதலாளிகள்! ஆள் ஆலைக்கு, படிப்புக் கடன் தொழிலாளி தலையில்!

கைத்தொழில் இழிவென்று சொல்லவில்லை. வெல்டிங் பிடித்தவனுக்குத் தெரியும், அதற்கு எவ்வளவு மூளை வேண்டுமென்று. அவனுக்கு மேற்படிப்பின் கதவை ஏன் சாத்த வேண்டும்?

பணமில்லையாம்! நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் நகரவாசிகளான முழுநேர மாணவரிடம் 1976 வரை படிப்புக் கட்டணம் வாங்கவில்லை. நகரம் கடனில் சிக்கியதும் அந்தச் சலுகைக்குத்தான் வெட்டு விழுந்தது. 2018-ல் டென்னசி மாநிலம் பட்டமில்லாத வயதுவந்தோருக்கு இரண்டாண்டுக் கல்லூரிக் கட்டணத்தை நீக்கியது. மனமிருந்தால் முடிகிறதே!

அதுவரை அந்தத் தொழிலாளி கல்லூரிக்காரரைக் கேட்கட்டும்: "என் பாடங்களில் எத்தனையைப் பல்கலைக்கழகம் ஏற்கும்? எழுதிக் கொடு, பிறகு கையெழுத்துப் போடுகிறேன்."