தோள்பையே காரியாலயம்

ஊழியனுடைய காரியாலயம் எங்கே இருக்கிறது? டவுனில் மேஜையும் நாற்காலியும் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு அங்கே வர முடியுமா? மில் தொழிலாளி ஷிப்டு விட்டதும் வாசலில் பத்து நிமிஷம் நிற்பார். அதற்குள் பேசியாக வேண்டும். ஆகவே நம் வேலை பஸ்ஸிலும் சைக்கிளிலும் வரப்பிலும்தான் நடக்கிறது.

2020-ல் கொரோனா வந்தபோது கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்தே வேலை பார்த்தார்கள். ஊர் சுற்றிக்கொண்டே வேலை செய்வது பெரிய புதுமை என்று இன்று பேசுகிறார்கள். தஞ்சைத் தரணிக்கு இது பழைய சங்கதி.

1943-ல் தோழர் பி. சீனிவாசராவ் இங்கே வந்தார். அவருடைய தாய்மொழி கன்னடம். சேரியில் உண்டு, சேரியிலேயே உறங்கி, ஊர் ஊராக நடந்தார். பண்ணையாளுக்குப் பகல் முழுவதும் மிராசுதாருடையது. எதிர்த்தால் சாட்டையடி, சாணிப்பால். ஆகவே பேச்செல்லாம் இரவில்தான். பலன் என்ன? மறு வருஷமே, 1944-ல், மன்னார்குடி ஒப்பந்தம் அந்த இரண்டு கொடுமைகளுக்கும் தடை போட்டது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இத்தனைக்கும் அன்று ஊழியர் கையில் டெலிபோன் கிடையாது. பல ஊர்களுக்கு ரோடே கிடையாது.

இன்று நம்மில் சிலர், "ஒரே நாளில் ஐந்து ஊர் போனேன்" என்று ரிப்போர்ட் கொடுக்கிறோம். ஐந்து ஊரில் என்ன முடிந்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஒரு ஊரில் ஒரு இரவு தங்கி, கூலி பாக்கிக்கு ஒரு மனு எழுதி, சந்தாவுக்கு ரசீது கிழித்து, அடுத்த கூட்டத்துக்குத் தேதி சொல்லிவிட்டு வந்தால் அதுதான் வேலை. மற்றது பஸ் சார்ஜ் செலவு.

சொன்ன தேதியைக் காப்பாற்றுவது லேசல்ல. நானே தவறியிருக்கிறேன். சம்பா நடவு சமயம். ஏழு மணிக்குக் கூட்டம் என்று சொல்லியிருந்தேன். வழியில் வேறொரு ஊரில் பேச்சு நீண்டது, கடைசி பஸ் போய்விட்டது. ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். விடியுமுன் நாற்றங்காலில் இறங்க வேண்டிய பெண்கள் காத்திருந்து காத்திருந்து எழுந்து போய்விட்டார்கள். அடுத்த முறை ஆறு பேர்தான் வந்தார்கள். பழைய கூட்டம் திரும்ப ஒரு போகம் ஆயிற்று.

செல்போன் வேண்டாம் என்கிறேனா? இல்லை. பஸ் தவறினால் சொல்லியனுப்ப அதைவிட நல்ல கருவி ஏது? அன்று அது என் பையில்தான் இருந்தது, சார்ஜ் இல்லாமல். ஆனால் போனிலேயே கூட்டத்தை முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் தப்பு. கூட்டம் கலைந்த பிறகு, விளக்கணைக்கும் நேரத்தில், தெருக்கோடி வீட்டுக்காரர் மெதுவாக வந்து கடன் விஷயத்தைச் சொல்வாரே, அது போனில் வராது. அதற்காகத்தான் இரவு தங்க வேண்டும்.

இனி ஐப்பசி, கார்த்திகை மழை. வரப்பில் சைக்கிள் ஓடாது; ரோட்டோரம் யார் வீட்டுத் திண்ணையிலாவது போட்டுவிட்டு நடக்க வேண்டும். தோழர்கள் ரசீதுப் புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் நனைந்த புத்தகத்தில் பாதிப் பெயர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் மறுபடி எழுதினேன்.