கட்டைவிரலும் அமோர்ஸும்

போன வருஷம் பிரான்சில், தூலோன் பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். புதுச்சேரிக்காரர்களுக்கு சொல்தா குடும்பம் என்று சொன்னாலே போதும், மேலே விளக்க வேண்டியதில்லை. வயது எண்பது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் பழைய மாஸ் 36 துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு கிளப்புக்குக் குறி சுடப் போய்விடுவார். அதற்கு வேண்டிய தோட்டாக்களையும் வீட்டிலேயே செய்துகொள்வார். லைசென்சும் கிளப் அட்டையும் உள்ளவர்களுக்கு அங்கே அது அனுமதி.

நம் ஊரில் யாரும் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி, தோட்டா தயாரிப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் பைல்களைச் சில காலம் கையாண்டவன் என்பதால் சொல்கிறேன்.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வீணாவதில்லை. அதன் அடியில் பட்டாணியைவிடச் சிறியதாக ஒரு கிண்ணம் பதிந்திருக்கும். ஆங்கிலத்தில் பிரைமர், பிரெஞ்சில் அமோர்ஸ். தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் கேப் இருக்கிறதே, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் அந்தப் பொம்மைத் துப்பாக்கி கேப்புக்கும் இதே பெயர்தான். பள்ளிக்கூடத்தில் நான் இந்தச் சொல்லைத் தூண்டில் இரை என்ற அர்த்தத்தில்தான் முதலில் படித்தேன். ஊசி வந்து அடித்தால் அமோர்ஸ் பொறி விடும், உள்ளே மருந்து பற்றும், குண்டு போகும். வெடித்துப்போன பழைய அமோர்ஸைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை அந்தக் குழியில் அழுத்தி உட்கார வைக்க ஒரு கருவி வேண்டும். எனக்கும் மாமாவுக்கும் வந்த வழக்கு அந்தக் கருவியைப் பற்றியது.

அவர் வைத்திருந்தது கைக்கருவி. மேலே ஒரு தட்டு. அதில் அமோர்ஸ்களைக் கொட்டி லேசாக ஆட்டினால் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். கூட்டை அதன் பிடிப்பில் செருகி, கட்டைவிரலால் நெம்பை அழுத்தினால் முடிந்தது. தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டே நூறு போட்டுவிடுவார். அதுதான் அவருக்குப் பெருமை.

நான் போன மூன்றாவது வாரம் கிளப்பிலிருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு தோட்டா வெடிக்கவில்லையாம். குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, விதிப்படி அரை நிமிஷம் காத்திருந்து, மறுபடி ஊசியை இழுத்து விட்டபோது இரண்டும் வெடித்தனவாம். "சரக்கு சரியில்லை மாப்ளே" என்றார். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை. ஏனென்றால் தப்பு அவர்கள் மேல் இல்லை.

முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடித்தால், அமோர்ஸ் அடிவரை போய் உட்காரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். முதல் அடியின் வேகமெல்லாம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். ஒழுங்காக உட்கார்ந்த அமோர்ஸ் கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரளவு கீழே இருக்கும். ஆபீஸ் தாள் ஒன்றின் கனம், சுமார் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர். மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் சிலவகைத் துப்பாக்கிகளில், பூட்டு மூடும்போதே வெடித்துவிடக்கூடும். மாமாவுடையது கையால் பூட்டை இழுத்து மூடும் ரகம். பிழைத்தோம்.

மீதியிருந்த அறுபது தோட்டாக்களையும் அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில், கண்ணாடிப் பலகை மேல் நிறுத்திப் பார்த்தோம். ஏழு லேசாக ஆடின. அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டினால் இடறியது. மாமா ராணுவ ஒழுங்குக்காரர், செய்த வரிசையிலேயே பெட்டியில் அடுக்கியிருந்தார். அந்த ஏழும் கடைசி முப்பதுக்குள்ளேயே இருந்தன.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் ஸ்டாம்பு குத்தியவன் நான். காலையில் குத்தும் சீல் பளிச்சென்று விழும், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் குத்துவது பாதி வட்டம்தான் விழும். மை குறைந்திருக்காது, மணிக்கட்டுதான் குறைந்திருக்கும். மாமாவுக்குக் கட்டைவிரல் அடியில் மூட்டுவலி இருப்பது அக்காவுக்கும் எனக்கும் தெரியும். அவர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"கைக்கருவியில்தான் விரலுக்குச் சேதி தெரியும். அமோர்ஸ் அடியில் போய் முட்டுவது விரலிலேயே தெரியும்" என்பது அவர் வாதம். தப்பான வாதம் இல்லை. கைக்கருவிக்கு ஆதரவாக எல்லோரும் சொல்வதும் இதைத்தான். ஆனால் வலிக்கிற விரல், அமோர்ஸ் முட்டும் இடத்தில் நிற்பதில்லை. வலி முட்டும் இடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டையும் பிரித்தறிய நாற்பது வயதுக் கட்டைவிரல் வேண்டும். இதைச் சொன்னதும் மாமா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அக்கா இதை அடியோடு விட்டுவிடச் சொன்னாள். பையனோ எல்லா வேலையையும் தானே செய்யும் பெரிய பிரஸ் வாங்கித் தருகிறேன் என்றான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா வந்து விழுமாம். ஞாயிற்றுக்கிழமை நாற்பது சுடுகிற கிழவருக்கு அது எதற்கு? ஒரே சமயத்தில் நாலைந்து இடத்தில் கண் வைக்க வேண்டிய யந்திரம் அது. மாமாவிடம் ஏற்கெனவே இருந்த சாதாரண பிரஸ்ஸிலும் அமோர்ஸ் போடலாம். ஆனால் அதன் நெம்பு மகா பலசாலி. எங்கே முட்டியது என்று சொல்லாமல் நசுக்கிவிடும்.

நான் சொன்னது மேசையில் திருகி மாட்டும் தனிக்கருவி. நீளமான நெம்பு, உள்ளங்கையால் அழுத்தலாம், கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. அமோர்ஸ் முட்டும் உணர்வு பிரஸ்ஸைவிட நன்றாகவே தெரிகிறது. நானே வெறும் கூட்டில் போட்டுப் பார்த்தேன். விலை அதிகம்தான், கைக்கருவியைவிட இரண்டு பங்குக்கு மேல். இன்னொன்று, கைக்கருவியில் நூறு அமோர்ஸ் உள்ள தட்டை உள்ளங்கையிலேயே ஏந்திக்கொண்டிருக்கிறோம். ஒன்று தப்பி வெடித்து மற்றவற்றையும் பற்றவைத்தால் கை என்னாவது? நல்ல கருவிகளில் தட்டுக்கும் அழுத்தும் இடத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. மாமாவுடைய பழையதில் அது இல்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பாதுகாப்புக் கண்ணாடி போடும் பழக்கமும் அவருக்கு இல்லை.

கருவியோடு வந்த பிரெஞ்சுத் தாளை யாராவது படிக்க வேண்டுமே, நான்தான் உரக்கப் படித்தேன். ராணுவத்தில் கற்றவனுக்குக் காகிதம் எதற்கு என்றார் மாமா. இருந்தும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஏற்றி முடித்த தோட்டாவில் அமோர்ஸை மறுபடி அழுத்தவே கூடாது என்ற வரி வந்தபோது, அந்த ஏழையும் எடுத்துவந்து எதிரில் வைத்தார். மறுநாள் குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டி, ஏழையும் பிரித்துப்போட்டோம்.

இப்போது ஐம்பது போட்டதும் எழுந்துவிடுகிறாராம். போனில் அக்கா சொன்னாள். கூடுகளுக்கு மருந்து போடுவதற்கு முன்னால் அவள்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் அடியையும் நகத்தால் தடவிப் பார்க்கிறாள். போன வாரம் மூன்றைத் திருப்பிக் கொடுத்தாளாம். மாமா இரண்டுதான் என்கிறார்.