விழுந்து முளைக்கிற பல்தானே?

"பால் பல்லுதானே, விழுந்து முளைக்கப்போகுது. இதுக்குப் போய் டாக்டரா?" கன்னம் வீங்கி அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறோம். படித்தவர்களும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

விழும், சரி. எப்போது விழும்? முன்பற்கள் 6, 7 வயதில் ஆட ஆரம்பிக்கும். கடைவாய்ப் பால் பற்களோ 10, 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. 3 வயதில் அவை சொத்தையானால், அந்தப் பிள்ளை இன்னும் ஏழெட்டு வருடம் எதை வைத்துச் சோறு மெல்லும்?

சொத்தை கறுப்பாகத்தான் வரும் என்று காத்திருப்பது அடுத்த தவறு. மேல்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியதுபோல மங்கலான ஒரு வெள்ளைக் கோடு விழும். அதுதான் தொடக்கம். உதட்டைத் தூக்கி, பல்லைத் துணியால் துடைத்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். கீழ் முன்பற்களை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பால் புட்டியோடு தூங்கும் குழந்தைக்கு அவற்றை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். வெள்ளைக் கோடாக இருக்கும்போதே இரவுப் புட்டியை நிறுத்தி, பல் டாக்டரிடம் ஃபுளோரைடு பூச்சு போட்டுக்கொண்டால் பல் தேற வாய்ப்புண்டு. குழி விழுந்துவிட்டால் அது தானாக மூடாது. பால் பல்லின் எனாமல் மெல்லியது, அரிப்பு சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். "பூச்சிப் பல்" என்கிறோம். அங்கே பூச்சி எதுவும் இல்லை. இனிப்பைத் தின்று கிருமிகள் கக்கும் அமிலம்தான் அரிக்கிறது.

பிறகு ஒருநாள் வலி நின்றுபோகும். "பார்த்தீங்களா, தானா சரியாயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் பல்லின் நரம்பு செத்துப்போயிருக்கும். ஈறில் சின்னக் கொப்புளம் கிளம்பும். உள்ளே கட்டும் சீழ், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலையே கெடுத்துவிடலாம். பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும், புதுப் பல் கோணலாக வரும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது 6 வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரும். அதற்கு வழிவிட்டு எந்தப் பல்லும் விழாததால், அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அது சொத்தையாகும்போதும் வீட்டில் அதே பேச்சுதான்: விழுந்து முளைக்கும். அது முளைத்தாயிற்று. இனி அந்த இடத்தில் வேறு பல் வராது.