உழைக்கும் கைக்கு டாக்டர் எங்கே?

கட்டுமாவடிக் கடற்கரையில் மீனுக்கு ஐஸ் உண்டு. கெடாமல் வெளியூர்ச் சந்தைக்கு அனுப்ப லாரியும் உண்டு. அந்த ஐஸை உடைக்கும் எந்திரம் தொழிலாளியின் கையைக் கவ்வினால் அவனுக்கு என்ன உண்டு?

அறுந்த பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பையை ஐஸ்மேல் வைக்கவேண்டும். ஐஸ் சதையில் நேராகப் படக்கூடாது. மணிக்கட்டுக்கு மேலே துண்டான கை, குளிரில் வைக்காவிட்டால் சுமார் 6 மணி நேரமே தாங்கும். சென்னையோ 300 கிலோமீட்டருக்கு அப்பால்! புதுக்கோட்டையில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். நல்லது. நள்ளிரவில் அங்கே போய்ச் சேர்ந்தால், மயிரிழை போன்ற ரத்தக் குழாயை நுண்ணோக்கியில் பார்த்துத் தைக்கத் தெரிந்த டாக்டர் டூட்டியில் இருப்பாரா? இதுதான் கேள்வி.

"இதெல்லாம் ஏழைகளுக்கு ஆகிற காரியமா?" என்று சிலர் கேட்பார்கள். ஆகும்! 1963 ஜனவரியில் ஷாங்காய் ஆலைத் தொழிலாளி ஒருவரின் வலக்கை முழுதாகத் துண்டானது. மக்கள் மருத்துவமனையில் டாக்டர் சென் சுங்-வெய் குழுவினர் அதைத் திரும்பப் பொருத்தினார்கள். நம் சென்னையில், பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி வளர்த்த ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியின் கை அறுவைப் பிரிவில், 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த கட்டடத் தொழிலாளிக்கு வேறொருவர் கைகளையே பொருத்தினார்கள். செய்தது கார்ப்பரேட் ஆஸ்பத்திரி அல்ல, சர்க்கார் ஆஸ்பத்திரி!

வித்தை இருக்கிறது, கற்றவர்கள்தான் போதவில்லை. டாக்டர் பட்டத்துக்கு ஐந்தரை ஆண்டு, அறுவைப் படிப்புக்கு 3 ஆண்டு, அதன் மேல் கை அறுவைக்கென்றே 2 ஆண்டுப் பயிற்சி. பத்தாண்டுக்கு மேல்! லட்சம் லட்சமாகக் கட்டணம் கட்டிப் படித்தவர் பணம் உள்ள நகரத்தைத்தானே தேடுவார்? அவரை ஏசிப் பயனில்லை. கல்வியைச் சரக்காக்கியவர்களைக் கேளுங்கள்.

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கட்டைவிரலின் இழப்பை 30 சதவீதம் என்று எழுதியது. களை பறிக்கிறவளுக்கும் நூல் முடிச்சுப் போடுகிறவனுக்கும் கட்டைவிரல் 30 சதவீதமா? கைதானே அவர்களுடைய ஒரே சொத்து!

தோழர்களே, கேளுங்கள்: அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரவும் பகலும் இயங்கும் கை அறுவைப் பிரிவு வேண்டும்! சர்க்கார் செலவில் பயிற்சி இடங்கள் பெருகவேண்டும்! பயின்றவர்களுக்கு ஆலைப் பகுதியிலும் கடலோரத்திலும் நிரந்தர வேலை வேண்டும்! எந்திரத்துக்குக் காப்பு வேலி போடாத முதலாளிமீது வழக்கு வேண்டும்!

மீனுக்குக் கிடைக்கும் அக்கறை, மீன் பிடிக்கும் கைக்கும் கிடைக்கட்டும்!