எந்த எழுத்தைப் பார்த்து எழுதுவது?

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு கடிதப் பயிற்சி உண்டு. உணவு விடுதியில் சாப்பாடு தரமில்லை, விலையும் அதிகம். உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையிட வேண்டும். நல்ல பயிற்சிதான். கொல்லிமலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையும் இதை எழுதி மதிப்பெண் வாங்கிவிடும். நோட்ஸில் விடை இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு எல்லாம் இடம் மாறாமல் வந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு எழுத்து தேவைப்படும் இடம் வேறு.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக் குடும்பம் கிராம சபையிடம் உரிமை கோரலாம். எவையெல்லாம் சான்றாகும் என்று 2008 விதிகள் தரும் பட்டியலில் அரசு ஆவணங்களோடு இன்னொன்றும் இருக்கிறது: கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லி, எழுத்தில் பதிந்த வாக்குமூலம். பட்டாவோ ரசீதோ இல்லாதவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. எழுதுவதைக் கற்றுக்கொடுக்க மாதிரி தேடுகிற மலைப்பள்ளித் தமிழாசிரியர் முதலில் எடுக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி.

ஊர் விஷயம் என்பதற்காக அல்ல, அதிலுள்ள இலக்கணத்துக்காகச் சொல்கிறேன். “அவங்க அப்பன் அந்தக் காட்டைத் திருத்தினாராம்” என்று பெரியவர் சொன்னால் அது கேள்விப்பட்டது. “திருத்தினார், நானும் கூடக் கல் பொறுக்கினேன்” என்றால் கண்ட சாட்சி. ஓர் ‘ஆம்’ சான்றின் எடையையே மாற்றிவிடுகிறது. “நாப்பது வருசம் இருக்கும்” என்பதில் உள்ள ‘இருக்கும்’ எதிர்காலம் அல்ல, ஊகம். எழுதுகிற பிள்ளை அதை “நாற்பது ஆண்டுகள் ஆகின்றன” என்று திருத்தினால் பெரியவர் சொல்லாததைச் சொல்ல வைத்ததாகிவிடும். அப்படியே விட்டுவிட்டு, ரோடு போட்டதற்கு முன்பா பின்பா என்று கேட்டு எழுதினால் ஊகத்துக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். எல்லை சொல்லும் வாக்கியங்களில் வினையே வேண்டாம்: கிழக்கே ஓடை, மேற்கே பாறை. வினைமுற்று, பெயர்ப்பயனிலை என்று தனித்தனியாக மனப்பாடம் செய்தவை இங்கே ஒரே பக்கத்தில் வேலை செய்வதைப் பிள்ளை பார்க்கிறது.

மொழி செய்யும் வேலையிலிருந்து இலக்கணத்தை அணுகும் இந்தப் பார்வைக்குச் செயல்சார் இலக்கணம் என்று பெயர். மொழியியலாளர் ஹாலிடே 1985-இல் அதை விரிவான நூலாக்கினார். அந்தப் பத்தாண்டிலேயே சிட்னியில் ஜே.ஆர். மார்ட்டினும் ஜோன் ராத்தரியும் வசதி குறைந்த பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுபோனார்கள். பிறகு டேவிட் ரோஸ் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளிடம் அதை வளர்த்தெடுத்தார். அவர்கள் வாதம் எளிது: படித்த வீட்டுப் பிள்ளை எழுத்தின் வகைகளை வீட்டிலேயே பார்த்துவிடுகிறது, மற்றப் பிள்ளைக்குப் பள்ளிதான் அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். “சொந்தமாக எழுது” என்று மட்டும் சொல்வது அந்தப் பிள்ளையைக் கைவிடுவது.

இதில் நமக்கு அந்நியமானது அதிகமில்லை. முக்காலத்துக்கும் பொதுவான இயல்பை எந்த வினையால் சொல்வது என்று தொல்காப்பிய வினையியலே பேசுகிறது. உரைகள் அதற்கு மலை நிற்பதை உதாரணம் காட்டும்! நம் வகுப்பறையிலோ ‘பழுக்கும்’ என்றால் எதிர்காலம், அதோடு சரி. பலா எப்போது பழுக்கும், மிளகுக்கொடி எந்த மரத்தில் ஏறும் என்று எழுதச் சொன்னால் அதே வினையின் இன்னொரு வேலை தானாகத் தெரிந்துவிடும்.

காரணம் சொல்லும் எழுத்துக்கும் மலையிலேயே பொருள் உண்டு. சாமை விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏன் வந்தது? கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுத்தன. சாமையை உரலில் குத்தி உமி நீக்குவதோ பெண்களின் முதுகை ஒடித்தது. இரண்டையும் ‘ஆல்’, ‘எனவே’ போட்டு ஒரே கயிற்றில் கோக்க முடியாது. எது பெரிய காரணம் என்று எழுதுகிறவர் முடிவு செய்தாக வேண்டும்.

உள்ளூர்ப் பொருள் இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை, வல்வில் ஓரி, மூலிகைக் காற்று என்று அடுக்கும் சுற்றுலாக் கட்டுரை முழுக்கக் கொல்லிமலைதான். மாதிரியாக அதைவிட மோசமானது கிடைக்காது. அது யாருக்கும் எதையும் விளக்குவதில்லை, கேட்பதில்லை. அடைமொழிகளை உருவிவிட்டால் மிஞ்சுவது பெயர்ப் பட்டியல். இதைவிட, மலைமேலுள்ள சோளக்காட்டுச் சந்தைக்கு என்றைக்கும் வராத ஒருவர் எழுதிய தெளிவான மின்மோட்டார் கையேடு மேல்.

மாதிரி காட்டினால் எல்லாரும் அதையே அச்சடிப்பார்கள் என்ற ஆட்சேபம் ஆஸ்திரேலியாவிலும் எழுந்தது. நோட்ஸ் கலாச்சாரம் உள்ள நம் ஊரில் அந்த அச்சம் நியாயமானதும்கூட. சிட்னிக்காரர்கள் நடுவில் ஒரு படி வைத்தார்கள்: மாதிரியைப் பிரித்துப் பார்த்தபின், அதே வகையில் வேறு பொருளைப் பற்றி ஆசிரியரும் வகுப்பும் கரும்பலகையில் சேர்ந்து எழுதுவது. தனியாக எழுதுவது அதற்குப் பிறகே. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இந்த நடுப்படியாகத்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உண்மையான வாக்குமூலத்தில் குடும்பப் பெயர்களும் நிலத் தகராறுகளும் இருக்கும். அதை அப்படியே வகுப்பில் வாசிக்க முடியாது. ஆசிரியர் ஆளையும் காட்டையும் மாற்றி, அதே எடையோடு ஒரு வாக்குமூலத்தைத் தானே எழுத வேண்டியிருக்கும். நம் ஆசிரியர் பயிற்சியில் அதற்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை.