அளவுகோலுக்கு எட்டாத பையன்கள்



பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, உயரம்தான் கொஞ்சம் கட்டை" என்று சொல்லி, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவர்களை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! அந்தப் பெண்ணின் படிப்பு, பொறுமை, கைமணம் எல்லாம் இரண்டு அங்குலத்துக்கு முன்னால் காணாமல் போய்விடும். இதே கதை ஆண்பிள்ளைகளுக்கு நடக்கிற இடமும் ஒன்று உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் வருஷா வருஷம் நடக்கிறது. ஐஸ் ஹாக்கி அணிகள் ஆள் எடுக்கும் படலம்தான் அது. அங்கே அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர்.

"உனக்கு எதுக்கடி ஐஸ் ஹாக்கி?" என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆட்டம் என்றால் பைத்தியம். செல்போனில் அவன் பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே நானும் கற்றுக்கொண்டேன். நம் ஹாக்கி மாதிரி புல்தரை, பந்து எல்லாம் கிடையாது. 200 அடி நீளமுள்ள பனிக்கட்டித் தளம், சுற்றிலும் மரச்சுவர் மாதிரி தடுப்பு. காலில் கத்தி வைத்த பூட்ஸ், கையில் மட்டை, அடிப்பதற்கு ஒரு ரப்பர் வில்லை. ரப்பர் வில்லையை வைத்திருப்பவன்மேல் எதிராளி தோளால் மோதலாம், தடுப்போடு சேர்த்து நசுக்கலாம். அது தப்பாட்டம் இல்லை, சட்டப்படியே சரி! ஆடுகிறவர்கள் சராசரி 6 அடிக்கு மேல், 90 கிலோ எடை. அவர்கள் நடுவே ஐந்தரை அடிப் பையன் ஒருவன் புகுந்தால் பெற்றவள் வயிறு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

டிராஃப்டில் 18 வயதுப் பிள்ளைகளை அணிகள் வரிசை வைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்பே உயரம், எடை எல்லாம் அளந்து குறித்திருப்பார்கள். குள்ளமான முன்கள ஆட்டக்காரன் ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், அணியின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "இந்தப் பொடியனை வச்சுக்கிட்டு என்ன பண்றது? ரெண்டு இடி தாங்குவானா?" என்பது ஒரு கட்சி. "உயரத்தை விடுங்க, மூலையில போய் முட்டி மோதி வில்லையைப் பிடுங்கிக்கிட்டு வர்றானே, அதைப் பாருங்க" என்பது மறு கட்சி. இந்த வழக்கு பல ஊர்களில் நடந்திருக்கிறது. ஆனால் கனடாவின் கல்கரி நகரத்தில் நடந்த மாதிரி வேறெங்கும் இல்லை. அந்த ஊர் அணிக்குக் கல்கரி ஃப்ளேம்ஸ் என்று பெயர்.

1987-ஆம் வருஷ டிராஃப்டில் அந்த அணி எட்டாவது சுற்றில் தியோ ஃப்ளூரி என்ற பையனை எடுத்தது. உயரம் 5 அடி 6 அங்குலம். அவனுக்கு முன்னால் 165 பிள்ளைகளின் பெயர் வாசிக்கப்பட்டாகிவிட்டது. இத்தனைக்கும் அந்த வருஷம் மூஸ் ஜா என்ற ஊரின் இளைஞர் அணிக்கு 66 ஆட்டங்களில் 61 கோல் போட்டவன் அவன். 61 கோல் போட்ட பையனை 165 தடவை தாண்டிப் போயிருக்கிறார்கள் என்றால், அளக்கிற நாடா எவ்வளவு பெரிய சக்தி படைத்தது பாருங்கள்!

1989 ஜனவரியில் ஃப்ளூரியைப் பெரிய அணிக்கு அழைத்தார்கள். அதே மே மாதம் கல்கரி, மான்ட்ரியல் அணியை அதன் சொந்த அரங்கிலேயே வென்று ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. அந்த அணிக்கு அதுதான் முதல் கோப்பை. 1990-91 பருவத்தில் ஃப்ளூரி 51 கோல் போட்டார். 1991 ஏப்ரலில் பரம விரோதியான எட்மன்டன் அணியுடன் ஆட்டம். கூடுதல் நேரத்தில் எதிராளி தள்ளிய ரப்பர் வில்லையை நடுவில் மறித்து, தனியாளாய்க் கொண்டுபோய் கோல் போட்டார். சந்தோஷம் தாங்காமல், தளத்தின் குறுக்கே முழங்காலிலும் முதுகிலும் சறுக்கிக்கொண்டே போய்த் தடுப்பில் மோதினார். அதற்கு அடுத்த ஆட்டத்தில் கல்கரி தோற்றுப் போய்விட்டது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பேசுவது அந்தச் சறுக்கலைத்தான். முதலில் உதட்டைப் பிதுக்கிய கட்சியும் அதற்குள் "நம்ம பையன்" கட்சியில் சேர்ந்துவிட்டது.

சரி, ஒரு தடவை பட்டு அறிந்த ஊர் மறுபடி ஏமாறுமா? ஏமாந்ததே!

மார்ட்டின் செயின்ட் லூயி என்று இன்னொரு குள்ளப் பையன். 5 அடி 8 அங்குலம். கல்லூரி ஆட்டத்தில் பெயரெடுத்தும், அவனை டிராஃப்டில் எந்த அணியுமே எடுக்கவில்லை. 1998-இல் கல்கரிதான் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டது. இரண்டு பருவங்களில் 69 ஆட்டம், 4 கோல். 2000-ஆம் வருஷம் மிச்சச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, "போய் வா" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் அமெரிக்காவில் டாம்பா பே அணிக்குப் போனார்.

2004-இல் கோப்பைக்கான இறுதிச் சுற்றில் மோதியது யார் தெரியுமா? கல்கரியும் டாம்பா பேயும்தான். ஆறாவது ஆட்டம் கல்கரியின் சொந்த அரங்கான சாடில்டோமில். அன்று ஜெயித்தால் கோப்பை கல்கரிக்கு. ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்கிறது. ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரம் வரை இழுத்தது. அது தொடங்கி 33 விநாடிதான் ஆகியிருக்கும், கோல்! போட்டவர் அதே செயின்ட் லூயி. ஏழாவது ஆட்டத்தில் டாம்பா பே கோப்பையை எடுத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் முழு லீகிலும் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவர்தான். 2018-இல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். வேண்டாம் என்று தள்ளிய மருமகள், பக்கத்து வீட்டுக்கு வாழ வந்து அங்கே விளக்கேற்றியதைப் பார்த்த மாமியார் மாதிரி ஆகிவிட்டது கல்கரியின் கதி!

மூன்றாவது பையன் ஜானி கோட்ரோ. 2011 டிராஃப்டில் 104-ஆவது பெயர். இவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா செய்த தந்திரத்தை நீங்கள் கேட்க வேண்டும். பனித் தளத்தில் ஸ்கிட்டில்ஸ் கலர் மிட்டாய்களைப் போட்டு வைப்பாராம். குழந்தை அதை எடுக்கத் தத்தித் தத்திச் சறுக்கிப் போகுமாம். பாடம் என்று தெரியாமலே பாடம்! அந்தக் குழந்தை வளர்ந்து, 2014-இல் கல்கரிக்காக ஆடிய முதல் ஆட்டத்தில், அடித்த முதல் அடியையே கோலாக்கியது. 2022-இல் கோட்ரோ வேறு அணிக்குப் போய்விட்டார். 2024 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, சகோதரியின் கல்யாணத்துக்கு முதல் நாள், தம்பியோடு சைக்கிளில் போனபோது கார் மோதி இருவருமே இறந்து போனார்கள். என்ன கொடுமை! ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியும் கல்கரி ஜனங்கள் சாடில்டோம் படிக்கட்டில் பூவும் ஹாக்கி மட்டையுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். குள்ளம் என்று சொல்லி எடை போட்ட உலகத்தில், ஒரு ஊர் ஒரு பிள்ளையை இப்படியும் சொந்தம் கொண்டாடுகிறது.

இதோடு முடித்திருந்தால், "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்று சொல்லிவிட்டு நான் சமையலைப் பார்க்கப் போயிருப்பேன். ஆனால் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது இதற்கு மேல்தான் இருக்கிறது.

ஃப்ளூரியை ரசிகர்கள் எதற்காகக் கொண்டாடினார்கள்? எவ்வளவு இடித்தாலும் எழுந்து வருவான், வலி தெரியாதவன் என்பதற்காக. 2009-இல் அவர் தம் கதையைப் புத்தகமாக எழுதினார். வீட்டில் குடிக்கிற அப்பா. வெளியூர் போய் ஆடிய இளம் வயதில், நம்பி ஒப்படைத்த பயிற்சியாளரே அவரைப் பாலியல் கொடுமை செய்திருக்கிறார். அதை மறக்கக் குடி, போதை மருந்து என்று பாதி வாழ்க்கை போயிற்று. 2005-இல்தான் அவற்றை விட்டார். 2010-இல் போலீசில் புகார் கொடுத்தார். அந்தப் பயிற்சியாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். நினைத்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்று, "என்ன தைரியம்! என்ன நெஞ்சுரம்!" என்று கைதட்டியபோது, அந்தப் பிள்ளை உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஒருவருக்கும் தெரியவில்லை. அவரிடம் திறமை இருந்ததை அளவு நாடா காட்டவில்லை. அவருக்குக் காயம் இருந்ததைக் கைதட்டல் காட்டவில்லை.

ஆகவே சகோதரிகளே, இரண்டு விஷயம்.

ஒன்று, உயரம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "என்ன, பையன் வளரவே இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளை காதில் விழும்படி நீங்களும் சேர்ந்து பெருமூச்சு விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுவரோரம் நிற்க வைத்துப் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நாலு வயதுக்கு மேல், பருவம் வரும் வரைக்கும், வருஷத்துக்குச் சுமார் 5 செ.மீ. வளர்ந்தால் கவலையில்லை. அப்பா அம்மா உயரம் எப்படியோ அப்படித்தான் பிள்ளையும். சில பிள்ளைகள் தாமதமாகவும் வளரும். வருஷத்துக்கு 4 செ.மீ. கூட ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, குடல் கோளாறு என்று ஏதாவது காரணம் இருந்தால் கண்டுபிடித்து வைத்தியம் செய்யலாம். உயரம் வளர்க்கிற பவுடர் என்று விளம்பரம் வந்தால், அந்தக் காசுக்கு முட்டையோ, பாலோ, பருப்போ வாங்கிப் போடுங்கள்.

இரண்டாவது, தைரியசாலிப் பிள்ளை. "எங்க வீட்டுப் பிள்ளை அழவே அழாது, எதையும் தாங்கிக்கும்" என்று பெருமை பேசுகிறோமே, அந்தப் பிள்ளையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். தாங்குகிற பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்டால், வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வெட்கமாகிவிடும். விளையாட்டோ, பாட்டோ, டியூஷனோ, யாரை நம்பி அனுப்புகிறோம், அங்கே பெரியவர் ஒருவரோடு தனியாக இருக்க வேண்டி வருகிறதா என்று விசாரியுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய் எட்டிப் பாருங்கள். போக மாட்டேன் என்று பிள்ளை திடீரென்று அடம் பிடித்தால், அடிப்பதற்கு முன் காரணம் கேளுங்கள். அது என்ன சொன்னாலும், "சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள்.

ஜெயித்தாயா, எத்தனை மார்க் என்று தினமும் கேட்கிறோம். இன்று ராத்திரி சோறு பரிமாறும்போது அதை விட்டுவிட்டு, "இன்னிக்கு உனக்கு ஏதாவது கஷ்டமா இருந்துதா கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. நாளைக்கும் கேளுங்கள்.