மெற்போமின் குடிப்பவர்களுக்கு பி12 பாருங்கள்

மதிப்பிற்குரிய யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

நான் முதன்மையாகக் கேட்க வந்தது இதுதான். தீவுப்பகுதி வைத்தியசாலைகளின் கிளினிக்குகளில் நெடுங்காலமாக மெற்போமின் என்ற சீனி வருத்தக் குளிசை குடித்துவரும் முதியவர்களுக்கு, முக்கியமாக மச்சம் தொடாதவர்களுக்கு, ஆண்டுக்கு ஒரு தடவையாவது இரத்தத்தில் விற்றமின் பி12 அளவைப் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். சீனி வருத்தக்காரரின் விறைப்புக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. பாரிசவாதத்தை நினைத்தும் கேட்கிறேன்.

பாரிசவாதம் வந்தால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். அதற்கு முன்னர் சி.ரி. ஸ்கான் எடுத்து, மூளைக்குள் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிப்படுத்தவேண்டும். காரைநகரார் பொன்னாலைப் பாலம் கடந்து வாகனத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிடலாம். நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் முதலில் குறிகாட்டுவானுக்குப் படகு வேண்டும். இரவில் வந்து, விடிய எழும்பும்போது வாய் கோணியிருந்தால் எத்தனை மணிக்குத் தொடங்கியதென்று யார் சொல்வது? வந்தபின் பார்ப்போம் என்றிருக்க எங்கள் கடல் விடாது.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா இருக்கிறார். பிறவியிலிருந்தே சைவம். கிளினிக் கொப்பியில் மெற்போமின் பத்து வருடங்களுக்கு மேலாக எழுதப்பட்டிருக்கிறது. மத்தியானச் சாப்பாடு குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை. முன்பு காலையும் மாலையும் பால்தேத்தண்ணி குடித்தவர், 2022 நெருக்கடியில் பால்மா விலை ஏறியபின் வெறுந்தேத்தண்ணிக்கு மாறிவிட்டார். "கால் விறைக்குது பிள்ளை, செருப்புக் கழண்டு போறதும் தெரியேல்லை" என்கிறார். சீனிக்கு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இருக்கலாம். ஆனால் பி12 குறைந்தாலும் இதே விறைப்புத்தான் வரும். அந்த முருங்கையிலையில் போலேற்று என்ற இன்னொரு பி விற்றமின் நிறைய உண்டு. பி12 துளியும் இல்லை. சைவச் சாப்பாட்டில் அது பாலிலும் தயிரிலும்தான் கிடைக்கும். கிடைக்கும் கொஞ்சமும் சிறுகுடலில் உறிஞ்சப்படுவதை மெற்போமின் குறைக்கிறது. ஈரலில் பல வருடங்களுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரிவதில்லை. தெரிய வரும்போது நரம்பு கெட்டுப்போயிருக்கக்கூடும். அந்த அம்மாவுக்கு இன்றுவரை யாரும் பி12 பார்க்கவில்லை.

இதற்கும் பாரிசவாதத்துக்கும் உள்ள தொடர்பு ஒரு சிறுவனின் மரணத்தில் இருந்து தொடங்குகிறது. 1933இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பாரிசவாதத்தால் இறந்ததாக மருத்துவ ஏட்டில் பதிவானது. முதியவருக்குரிய நாடிநோய் அந்தப் பிஞ்சு உடம்பில். பல ஆண்டுகள் கழித்து, அவனுடைய குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்கு ஹோமோசிஸ்ரீன் என்ற பொருள் உடலில் மிகையாகச் சேரும் பரம்பரை நோய் இருப்பது தெரியவந்தது. கில்மர் மக்கலி என்ற நோயியல் மருத்துவர் அந்தப் பழைய இழையங்களை எடுத்துப் பார்த்தார். வேறொரு மரபணுக் கோளாறால் இறந்த இரண்டு மாதக் குழந்தையின் நாடிகளிலும் அதே சிதைவைக் கண்டார். கோளாறு இரண்டு, ஹோமோசிஸ்ரீன் மிகையானது இருவருக்கும் பொது. ஹோமோசிஸ்ரீன் மிகையானால் நாடிகள் கெடும் என்று 1969இல் அவர் எழுதியதை அன்று பெரும்பாலோர் ஏற்கவில்லை.

இந்த ஹோமோசிஸ்ரீனைத் திருப்பி மெதியோனீனாக மாற்றப் போலேற்றும் பி12உம் சேர்ந்து வேலை செய்யவேண்டும். அப்படிப் பிறக்கும் மெதியோனீனில் இருந்துதான் உடல் மெதைல் கூட்டங்களை எடுத்து மரபணுக்களின்மேல் ஒட்டுகிறது. எந்த மரபணு வேலை செய்யவேண்டும், எது அடங்கியிருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவற்றில் இதுவும் ஒன்று. 2003இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சினை எலிகளுக்குப் போலேற்றின் மருந்து வடிவமான போலிக் அமிலம், பி12 முதலியவற்றைக் கூட்டிக் கொடுத்தபோது, மரபணு எழுத்து ஒன்றுகூட மாறாமல் குட்டிகளின் மயிர்நிறம் மாறியது. மறுபக்கம், எம்.ரி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுவின் 677ஆம் எழுத்து இரு பிரதிகளிலும் மாறிப் பிறந்தவர்களுக்கு, போலேற்றைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியம் மூன்றில் ஒரு பங்கு அளவே வேலை செய்யும். அவர்களுக்கும் உணவில் போலேற்று தாராளமாக இருந்தால் ஹோமோசிஸ்ரீன் பெரிதாக ஏறாது. மரபணுவை மாற்ற எங்களால் முடியாது, சாப்பாட்டுத் தட்டை மாற்றலாம். இந்தியாவின் புனேயில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில் பார்க்கப்பட்ட 204 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு பி12 போதவில்லை. நாலில் மூன்று பேருக்கு ஹோமோசிஸ்ரீன் உயர்ந்திருந்தது. தென்னாசியர்களான எங்களுக்கு முதலில் பார்க்கவேண்டியது பி12 என்று நான் நம்புவது அதனால்தான்.

விற்றமின் கொடுத்தால் பாரிசவாதம் வராது என்று நான் சொல்லவில்லை. சீனாவில் உயர் இரத்த அழுத்தமுள்ள 20,702 பேரில் ஒரு பகுதியினருக்கு எனலாப்பிரில் என்ற பிறசர்க் குளிசை மட்டும், மறுபகுதியினருக்கு அதனுடன் 0.8 மில்லிகிராம் போலிக் அமிலமும் கொடுத்தார்கள். 2015இல் வெளியான முடிவில், பாரிசவாதம் முதல் குழுவில் 3.4 வீதம், இரண்டாவதில் 2.7 வீதம். ஆனால் ஏற்கெனவே பாரிசவாதமோ சிறிது நேரத்தில் தானாகத் தீரும் பாரிசவாதமோ வந்த 8,164 பேரைக் கொண்ட 2010ஆம் ஆண்டு ஆய்வில் பி விற்றமின்களால் உறுதியான பலன் தெரியவில்லை. நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அவற்றைப் பெருமளவில் கொடுத்துப் பார்த்த கனேடிய ஆய்வில் நிலைமை மோசமானது. ஆகவே பிறசர்க் குளிசையும் புகையிலையை விடுவதும்தான் முதலாவது. பி12ஐ அளந்து பார்த்து, குறைந்தவர்களுக்குக் கொடுப்பது அதற்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். போலிக் அமிலம் மலிவு, கர்ப்பவதிகளுக்காக எப்போதும் கையிருப்பில் இருக்கும். அதை மட்டும் முதியவர்களுக்கு எழுதிவிட்டால், பி12 குறைவால் வரும் இரத்தசோகை மறையும். நரம்புச் சேதம் மறைவில் தொடரும். பி12 பார்க்காமல் அதைத் தனியே கொடுக்கவேண்டாம் என்று சுற்றறிக்கை ஒன்று அனுப்புங்கள்.

பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022 யூனில் மெற்போமின் குடிப்பவர்களில் அறிகுறி உள்ளவர்களுக்கு பி12 பார்க்கும்படியும், ஆபத்துக் கூடியவர்களைக் காலத்துக்குக் காலம் கண்காணிப்பதை எண்ணிப்பார்க்கும்படியும் மருத்துவர்களுக்கு அறிவித்தது. இங்கே அதைத் தொடங்கப் புதிய கட்டடம் வேண்டாம். கிளினிக் நாளில் எடுக்கும் இரத்தத்தில் இன்னொரு குழாய், அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் ஒழுங்கு, குறைந்தவர்களுக்கு ஊசியோ குளிசையோ தட்டுப்பாடில்லாமல் இருப்பு. முதலில் காரைநகரில் ஓர் ஆண்டு செய்து பாருங்கள். பெயர்ப்பட்டியல் கிளினிக் பதிவேட்டிலேயே இருக்கிறது. முடிவைப் பார்த்தபின் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் கொண்டுபோகலாம். அடுத்த ஆண்டுக்கான செலவு மதிப்பீட்டில் இதைச் சேர்ப்பீர்களா என்பதை அறியத் தரவேண்டுகிறேன்.

இங்ஙனம்,
காரைநகர் வாசி ஒருவர்